கீல் பூசும் காலம்



சென்ற மாதம் கொளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டு ஜெபத்துக்குச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் பண்ணவாடிப் பரிசல் துறைக்கு இறங்கினேன். அணையில் நீர் வெகுவாகக் குறைந்திருந்தது. நீர் குறைந்தால் அங்கே என்ன தென்படும் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு ஸ்டான்லி நீர்த்தேக்கம் பெருகியபோது மூழ்கிப்போன ஊர்களின் அடையாளமாக, பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் நீருக்கு மேலே எழும்பி நிற்கும். அந்தக் கோபுரத்தைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் என் பார்வை கரையில் கவிழ்ந்து கிடந்த இரண்டு பரிசல்களின்மேல் நின்றுவிட்டது.

அவை நம் சபை வாங்கிக் கொடுத்தவை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நன்றியறிதல் காணிக்கையிலிருந்து இரண்டு மீனவக் குடும்பங்களுக்குப் புத்தம்புதிய ஃபைபர் பரிசல்களைக் கொடுத்தோம். நான்தான் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தேன். மாலையும் புகைப்படமும்கூட உண்டு. இப்போது ஒன்றின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. மற்றொன்றின் விளிம்பு பிளந்திருந்தது. உரிமையாளரான சகோதரர் வந்தார். "ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பாஸ்டர், இதுக்கு ஒட்டுப் போடத் தெரிஞ்ச ஆளு இந்தக் கரையில இல்லீங்க. எங்கப்பா காலத்து மூங்கில் பரிசலா இருந்தா நானே பாத்துக்குவனுங்க" என்றார்.

அந்தப் பதில் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை. அவர் சோம்பேறி அல்லர். தம் கையால் பழுதுபார்க்கக்கூடிய ஒரு பொருளை விட்டுவிட்டு, பழுதுபார்க்க முடியாத ஒரு பொருளை ஏற்கும்படி நாம் அவருக்கு உதவி செய்திருக்கிறோம். இன்றைக்கு அவர் வாடகைப் பரிசலில் மீன் பிடிக்கிறார். பிடிப்பதில் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடுகிறது.

மூங்கில் பரிசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் இளைஞர் பலருக்கு அது ஒகேனக்கலில் கட்டணம் கொடுத்து ஏறும் வேடிக்கைப் பொருளாகிவிட்டது. பிளந்த மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அகன்ற கூடையைப் போல் வளைத்து, வாய்விளிம்பை மட்டும் தடித்த பின்னலால் இறுக்குவார்கள். முற்காலத்தில் அதன்மேல் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். ஏறத்தாழ 1520இல் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்திய வட்டப் பரிசல்களில் ஆட்களும் குதிரைகளும் ஆறு கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். இப்போது தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் சாக்கோ தார்ப்பாயோ. அதன்மேல் காய்ச்சிய தார். அவ்வளவுதான். ஒருவர் முதுகில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம்.

ஆனால் அது கேட்டுக்கொண்டே இருக்கும் பொருள். வெயிலில் தார் வெடிக்கும். பாறையில் உரசினால் சாக்கு கிழியும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்காக வண்டு துளைக்கும். (வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போடுவது அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான்.) ஆகவே பரிசல்காரர் ஒவ்வொரு கோடையிலும் அதைக் கரையேற்றிக் கவிழ்த்து, நிழலில் பல நாள் உலர்த்துவார். பிறகு நிமிர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளிருந்து பார்ப்பார். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே சுண்ணாம்பால் வட்டமிடுவார். மூங்கிலைக் கத்திமுனையால் குத்திப் பார்ப்பார். மாவாய் உதிர்ந்தால் அந்தப் பிளாச்சை எடுத்துவிட்டுப் புதிது செருகுவார். வெடித்த பழைய தாரைச் சுரண்டி எடுப்பார். கிழிசலைவிட நான்கு விரல் அகலமாக ஒட்டுத்துணி வெட்டித் தைப்பார். அதற்குப் பிறகுதான் தார்.

இந்த வரிசையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தவறு செய்து கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவரின் பரிசலுக்குத் தார் பூச வாலிபர்களோடு உற்சாகமாகப் புறப்பட்டேன். முந்தின நாள் மழை. மேலே உலர்ந்திருந்தது; பின்னலுக்குள் ஈரம் இருந்தது. கனமாக ஒரே பூச்சாகப் பூசினோம். பளபளவென்று கறுப்பாக, பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் வாரம் தார் தோல் தோலாக உரிந்து வந்தது. உள்ளே அடைபட்ட ஈரத்தில் மூங்கிலும் கெட்டது. முதியவர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் தாமே எல்லாவற்றையும் சுரண்டி, மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசி முடித்தார்.

இன்னொரு எச்சரிக்கையும் அவர் தந்ததே. தார் காய்ச்சும்போது கூரைக்குக் கீழே அடுப்பு மூட்டாதீர்கள். தகரத்தில் ஒரு துளி தண்ணீரும் இருக்கக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். தீப்பற்றினால் அணைக்க மணல்தான், தண்ணீர் அல்ல.

வேதத்தை வாசிக்கிற நமக்கு இந்தத் தார் புதிதல்ல. ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் நோவாவிடம் பேழையின் உள்ளும் வெளியும் பூசச் சொல்லப்பட்ட கீல் இதன் இனம்தான். யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தில் மோசேயின் தாய் நாணற்பெட்டிக்குப் பூசியதும் அதுவே. ஒரு தாய் தன் கையால் செய்த வேலை அது. 2014இல் பிரித்தானிய அருங்காட்சியக அறிஞர் இர்விங் ஃபிங்கெல், ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பாபிலோனியக் களிமண் பலகையை வாசித்து வெளியிட்டார். அந்த நாட்டு வெள்ளக் கதையில் வரும் பேழை, நம் பரிசலைப் போன்ற மாபெரும் வட்டப் படகு. அதற்கு எவ்வளவு கீல் வேண்டும் என்ற கணக்குக்கூட அப்பலகையில் இருக்கிறது. நம் வேதாகமத்தின் பேழை நீள்சதுரமானது. அந்த வேறுபாட்டை இங்கே விவாதிக்கப் போவதில்லை. நான் கவனிப்பது ஒன்றுதான்: நோவாவுக்குக் கீல் பூசும் கட்டளை வந்தது மழை தொடங்கும் முன்பு.

நமக்கும் ஏறக்குறைய அதே கெடு. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதையொட்டித் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் கர்நாடகத்திலிருந்து வரத்து உயரும். நீர் ஏறிய பிறகு அடியில் ஒழுகும் பரிசலோடு நடு ஏரியில் நிற்பவர் தார் காய்ச்ச முடியாது. தண்ணீரை இறைக்கத்தான் முடியும்.

சரி, ஃபைபர் பரிசலை நம் கையால் சரிசெய்ய முடியாதா? முடியும். சேலத்தில் ஃபைபர் தொட்டிக்கு ஒட்டுப் போடுகிற ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டு வந்தேன். வெடிப்பின்மேல் குழாய்க் கசிவுக்கு வைக்கும் பசையை அப்புவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. பரிசல் அசையும்போது அது பெயர்ந்துவிடும். வெடிப்பின் இருபுறமும் ஒரு கையகலத்துக்கு உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். முழுவதும் உலர வேண்டும். கண்ணாடியிழைப் பாயைச் சிறிதும் பெரிதுமாக மூன்று துண்டு வெட்டி, ரெசினில் நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, காற்றுக் குமிழி போக உருட்ட வேண்டும். ரெசினோடு கலக்கும் கெட்டியாக்கி மிகச் சிறிதளவே; அது கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நம் ஊர் மே மாத வெயிலில் கலவை வெகு சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் விடியற்காலையில், ஒரு கிண்ணம் ஒரு கிண்ணமாகக் கலக்க வேண்டும். உண்மையில் தார் காய்ச்சுவதைவிடக் கடினமான வேலை இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவே. பொருளைக் கொடுத்த நாமும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கனடாவில் ஓர் ஏரிக்கரையில் வாழும் நம் சபைக் குடும்பத்துப் பிள்ளையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். இரண்டு அலுமினியக் குழாய்களின்மேல் தளம் போட்ட பழைய மிதவைப் படகு ஒன்றை அவர் மலிவாக வாங்கியிருக்கிறார். ஒரு கோடை முழுவதும் படகு இடப்பக்கம் சாய்ந்தே ஓடியதாம். ஆட்கள் உட்காரும் விதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கரையேற்றிப் பார்த்தால் குழாய்க்குள் தண்ணீர். சோப்பு நீர் தடவி, மெல்லக் காற்றடைத்து, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல் பற்றவைத்த இடங்களைத் தேடிக் கண்டுபிடித்தாராம்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். சிலருக்கு இது கசக்கலாம். நம் சபைகளில் புதிதாகக் கொடுப்பதற்குக் காணிக்கை எளிதில் சேர்கிறது. பழுதுபார்ப்பதற்குச் சேர்வதில்லை. பழுதுபார்த்ததற்கு எந்தக் கல்வெட்டிலும் பெயர் பொறிப்பதில்லை அல்லவா? 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வாசியுங்கள். ஆலயத்தின் பழுதுகளைச் சீர்செய்யும்படி யோவாஸ் அரசன் பணம் ஒதுக்கச் சொல்லியும், அவனுடைய 23ஆம் ஆண்டு வரைக்கும் ஆசாரியர்கள் அதைச் செய்யவில்லை. பின்பு யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு வைத்தான். அதில் விழுந்த பணத்தில் வெள்ளிப் பாத்திரங்கள் செய்யப்படவில்லை. தச்சருக்கும் கொத்தருக்கும் மரத்துக்கும் கல்லுக்குமே அது போயிற்று. ஆசாரியர்களை ஒருகாலத்தில் நான் கடிந்து பிரசங்கித்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகள் நான் அந்தத் துறைக்கு இறங்கவே இல்லை.

மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் யாக்கோபையும் யோவானையும் அழைத்தபோது அவர்கள் படகில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வரும் 'கட்டார்டிட்ஸோ' என்ற கிரேக்க வினைச்சொல்லையே, குற்றத்தில் அகப்பட்ட சகோதரனைச் சீர்பொருந்தச் செய்வதைக் குறித்துப் பவுல் கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். கிழிந்த வலையைச் செம்படவன் சபிப்பதில்லை. மடியில் போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பார்க்கிறான்.

"பழையதை ஒட்டி ஓட்டுவதால்தானே உயிர்போகிறது, புதிது கொடுப்பதே பாதுகாப்பு" என்று ஒரு மூப்பர் என்னிடம் வாதிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாய்விளிம்பின் மூங்கில் உளுத்துவிட்டால் அந்தப் பரிசலுக்கு ஒட்டுப் போடாதீர்கள், அடுப்புக்கு வையுங்கள். எதைப் பழுதுபார்த்தாலும் முழங்கால் ஆழத்தில் கல்லேற்றி ஒருநாள் மிதக்கவிட்டுப் பார்க்காமல் ஆள் ஏறக்கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமலும் ஏறக்கூடாது. ஆனால் புதியது புதியதாகவே இருப்பதில்லை. அந்த இரண்டு பரிசல்களும் ஒருநாள் புதியவைதானே?

ஆகவே சபைக் குழு இப்படித் தீர்மானித்திருக்கிறது: மூன்றாவது பரிசலுக்கென்று சேர்த்த பணத்தில் இவ்வாண்டு பரிசல் வாங்கப் போவதில்லை. வருகிற சனிக்கிழமை அந்த இரண்டையும் சரிசெய்யப் போகிறோம். சேலத்திலிருந்து ஒட்டுப் போடுகிறவர் வருகிறார். அவருக்கு முழு நாள் கூலி உண்டு, அவர் மீனவச் சகோதரர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் வாங்கியாயிற்று. வாலிபர்கள் பழைய சட்டை அணிந்து வாருங்கள். உப்புத்தாளும் கையுறையும் இருந்தால் கொண்டுவாருங்கள். பண்ணவாடிச் சகோதரர் தம் தகப்பனாரின் மூங்கில் பரிசலையும் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார். தார் பதம் பார்ப்பதை அவர் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவார். ஆலய வாசலிலிருந்து வேன் காலை 5 மணிக்குப் புறப்படும்.