ஊரைப் பார்த்துச் சம்பளமா?

உணவுத் தொழில்நுட்பம் படித்த பிள்ளைக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று கேட்கிறோம். எந்த ஊரில் என்று கேட்பதில்லை. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் தொழில்நுட்ப அதிகாரி பணிக்கு அறிவித்த தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். 2024 ஜனவரியில் உயர்ந்த வீட்டு வாடகைப்படியை அதற்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் 30 சதவீதம், 13,470 ரூபாய். மதுரையில் 20 சதவீதம், 8,980. சிற்றூரில் 10 சதவீதம், 4,490தான். ஒரே படிப்பு, ஒரே வேலை! ஆனாலும் அங்கே அடிப்படைச் சம்பளத்தில் யாரும் கை வைப்பதில்லை.

தனியாரிடம் அந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மசாலாவும் ஊறுகாயும் தயாரிக்கும் வணிகச் சகோதரர்களே! உணவு உற்பத்தி உரிமம் பெற்றவர், உற்பத்தியை மேற்பார்வையிடப் படித்த ஒருவரையாவது பணியில் வைக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ள நிபந்தனை. "உள்ளூர்ப் பையன்தானே, இது போதும்" என்று கொத்தனார் கூலிக்கும் கீழே கொடுத்தால், அவன் பெங்களூருக்கோ துபாய்க்கோ போகத்தான் செய்வான். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரியும் கிடையாது. பிறகு ஒரு லோடு மிளகாய்த் தூள் பூஞ்சை நச்சு இருப்பதாகத் திரும்பி வரும். அந்த நட்டத்தில் அவனுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுத்திருக்கலாம்?

இளைஞர்களே, சான்றிதழ் நகலை மட்டும் கேட்கும் முதலாளியிடம் முதலில் நியமன ஆணையைக் கேளுங்கள்.