தனியாகப் போகிறவருக்குத் துணை யார்?

வேலைக்காகத் தனியாகப் போகிறவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

திருச்சி-திண்டுக்கல் ரெயில் பாதையில் இருக்கிறது, வையம்பட்டி. சுற்றிலும் மானாவாரி நிலம். தள்ளித் தள்ளிச் சிற்றூர்கள். அந்த ஊர்களுக்குக் கிராம சுகாதார நர்சு போகிறார். லைன்மேன் போகிறார். தபால்காரர் போகிறார். கடன் தவணை வசூலிக்கும் பெண் போகிறார். பெரும்பாலும் தனியாகத்தான் போகிறார்கள்.

போனவர் திரும்பி வந்தால் சரி. வராவிட்டால்? அது எத்தனை மணிக்கு, யாருக்குத் தெரியும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத அலுவலகம், தன் ஊழியரை ஆபத்தில் விட்டிருக்கிறது என்றே நான் சொல்வேன்.

ஆடு திருடர்கள்

திருச்சி நவல்பட்டு போலீஸ் நிலையத்தில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர், பூமிநாதன். 2021-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அதிகாலை, ஆடு திருடர்களை மோட்டார் சைக்கிளில் விரட்டினார். புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டியில் அவர்களை மடக்கினார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

அவருடைய குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் நிதியும், அரசு வேலையும் அறிவிக்கப்பட்டன. செய்ய வேண்டியதுதான். ஆனால் போன உயிர் வருமா?

பூமிநாதன் வீரர். போலீஸ் பயிற்சி பெற்றவர். அவருக்கே இந்தக் கதி என்றால், மருந்துப் பையோடு போகும் நர்சின் கதி என்ன?

பட்டப்பகலில்...

இரவில்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். 2023 ஏப்ரல் 25-ந் தேதி, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது பட்டப்பகல்! மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்தவர் அவர்.

அதே ஆண்டு பிப்ரவரியில், தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரத்தில், ரெயில்வே கேட்டில் தனியாக வேலை பார்த்த பெண் ஊழியர் தாக்கப்பட்டார்.

லண்டனில் ஒரு தாய்

1986 ஜூலை 28-ந் தேதி லண்டனில் சூசி லாம்ப்ளூ என்ற பெண், ஒருவருக்கு வீடு காட்டப் போனார். வீடு விற்றுக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. டைரியில் ஒரு பெயரும் முகவரியும் எழுதியிருந்தார். அவ்வளவுதான். அவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவருடைய தாய் டயானா அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் மகள் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அது பயிற்சி கொடுத்து வருகிறது.

என்ன பயிற்சி?

பயிற்சி என்றதும் கராத்தே என்று நினைக்கிறோம். கராத்தே நல்லதுதான். ஆனால் அதற்கு முன்பே கற்க வேண்டியவை பல இருக்கின்றன.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போவது. வண்டியைச் சாலையைப் பார்த்து நிறுத்துவது. வாசலை மறித்து யாரும் நிற்காதபடி, வாசல் பக்கமாக உட்காருவது. பணத்தைப் பறிக்க வந்தால், பணத்தை விட்டு உயிரைக் காப்பது. மனதுக்குச் சரியாகப் படவில்லையா? “இதோ வருகிறேன்” என்று சொல்லி வெளியேறுவது. 112-க்குப் போன் செய்யப் பழகிக்கொள்வது.

ஒரு ரகசியச் சொல்லும் வேண்டும். “பச்சை நோட்டை எடுத்து வையுங்கள்” என்று போனில் சொன்னால், “ஆபத்து, ஆள் அனுப்பு” என்று அலுவலகத்துக்குப் புரிய வேண்டும்.

பயிற்சி ஊழியருக்கு மட்டும் போதாது. மேலதிகாரிக்கும் வேண்டும்! சொன்ன நேரத்தில் போன் வராவிட்டால் யார் கூப்பிடுவது, எடுக்காவிட்டால் யார் புறப்படுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஆபத்தென்று வேலையை விட்டுத் திரும்பியவரை, “ஏன் முடிக்கவில்லை?” என்று அதட்டக் கூடாது. அதட்டினால், அடுத்த முறை அவர் திரும்பமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேராமல் தடுக்க, 2013-ல் சட்டம் வந்தது. வேலை நிமித்தமாகப் போகும் இடமும் பணியிடமே என்கிறது, அந்தச் சட்டம். ஊழியருக்குப் பத்திரமான பணியிடம் தருவது முதலாளியின் கடமை என்றும் சொல்கிறது. அப்படியானால் வையம்பட்டிக்கு அப்பால் உள்ள ஒற்றையடிப் பாதையும் பணியிடந்தான்! ஆண் ஊழியரின் உயிருக்கும் அதே அக்கறை வேண்டும்.

“எல்லா இடத்துக்கும் இரண்டு பேரை அனுப்ப ஆள் ஏது?” என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும், ஒரு போனுக்கும், அரை நாள் பயிற்சிக்கும் என்ன செலவாகிவிடும்? தும்பை விட்டு வாலைப் பிடிப்பதைவிட இது மலிவு.

வையம்பட்டி ஒன்றியத்தில் உள்ள அலுவலகங்கள் நாளைக்கே தொடங்கலாம். தனியாகப் போகிறவரின் கூடவே ஆள் போக முடியாது. ஆனால் அவர் வரும் வரை ஒருவர் விழித்திருக்க முடியும்.