சட்டைப் பையில் ஒரு கத்தி

திங்கள்தோறும் நமக்கு வரும் மடல்களுள் ஒன்று இம்முறை நம்மைச் சிறிது நேரம் சிந்திக்க வைத்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி பயிலும் மகன் மடக்குக்கத்தி ஒன்று வாங்கித் தரும்படி கேட்கின்றானாம். வாங்கிக் கொடுக்கலாமா, கொடுப்பதானால் எத்தகையது நன்று என்று ஒரு தாய் வினவியுள்ளார். "கத்தி என்றாலே அடிவயிறு கலங்குகின்றது, சாமி" என்றும் எழுதியிருக்கின்றார்.

அக்கலக்கம் வீணானதன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர்தம் தங்கையையும், உடன் பயின்றோரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அச்செய்தியைப் படித்த தாய்மார் அதனை எளிதில் மறந்துவிட இயலாது. ஆதலின் முதற்கண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம்: தற்காப்புக்கென்று கத்தி கேட்பவனுக்கு அதனை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவன் எதற்கு அஞ்சுகின்றான் என்பதைக் கேட்டறிந்து, அந்த அச்சத்திற்கே வழி காணுங்கள். பள்ளிப் பைக்குள் எக்கத்தியும் செல்லலாகாது. ஆனால் வேலைக்கென்று கேட்பவனுக்கு மறுக்க வேண்டுவதில்லை.

இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? "போன வாரத்தில் எந்தெந்த வேளையில் கத்தி இல்லாமல் இடர்ப்பட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கம்பியின் மேலுறையைச் சீவ, சணல் அறுக்க, அட்டைப்பெட்டி பிரிக்க, உணவு இடைவேளையில் கொய்யாப்பழம் நறுக்க என்று விடை வந்தால் கத்தியும் ஏறத்தாழத் தேர்ந்தாயிற்று. விடை வராவிடில் தேவை இன்னும் பிறக்கவில்லை. ஆசை மட்டுமே பிறந்திருக்கின்றது.

மடக்குக்கத்தியின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கென்று ஏற்பட்டதால் ஒன்றற்குப் 'பேனாக்கத்தி' என்னும் பெயரே வந்தது. சுவிஸ் நாட்டு ஈபாக் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 1891-இல் தம் நாட்டுப் படைவீரர்க்குக் கத்திகளை வழங்கினார். அவற்றுள் அலகு ஒன்று, துளையிடும் ஊசி ஒன்று, உணவுத் தகரம் திறக்கும் கருவி ஒன்று, துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி ஒன்று, அவ்வளவே. வீரனின் அன்றாட வேலை எதுவோ அதுவே கத்தியில் இருந்தது. இன்று விக்டோரினாக்ஸ் என்று உலகறிந்த அந்நிறுவனம் முப்பது கருவிகள் கொண்டவற்றையும் விற்கின்றது. கடைக் கண்ணாடிக்குள் அவை கண்ணைப் பறிக்கும். சட்டைப் பையில் கல்லாய்க் கனக்கும். கனக்கும் கத்தி இரண்டாம் வாரமே மேசை இழுப்பறைக்குள் போய்விடும். கைப்பையில் வைத்துக்கொள்ள விரும்பும் பெண்களுக்கு, 58 மில்லிமீட்டர் நீளமே உள்ள சிறு கத்தியில் அமைந்த கத்தரிக்கோல், அலகைக் காட்டிலும் மிகுதியாகப் பயன்படுவதைக் கண்டிருக்கின்றோம்.

அலகின் நீளம் இரண்டரை அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை போதும். அதற்கு மேற்பட்டது சமையலறைக்கு உரியது. பேருந்தில் அதனைத் திறந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்றுவிடுவார். தடித்த அலகு வலிமையானது என்பர் சிலர். பழத்தில் வைத்துப் பாருங்கள்: மெல்லிய அலகு நறுக்கும், தடித்தது பிளக்கும். பாதி அலகில் வாள்பற்கள் வைத்தவற்றையும் தவிர்க்கலாம். அப்பற்களை வீட்டுத் தீட்டுக்கல்லில் கூராக்க இயலாது. பொத்தானை அழுத்தினால் தெறித்துத் திறப்பவை நம் வீடுகளுக்கு வேண்டவே வேண்டாம்.

பூட்டு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விரல்கள் பறிபோவது இங்கேதான். சாதாரண மடக்குக்கத்தியில் அலகை நிறுத்தி வைப்பது முதுகுப்புற வில்லின் அழுத்தம் மட்டுமே. கீழ்நோக்கி அறுக்கும்வரை இடரில்லை. முனையால் குத்தினாலோ, நெம்பினாலோ அலகு மடங்கி விரல்மேல் விழும். பழமும் நூலும் நறுக்குவோருக்கு இதுவே போதும். கயிறும் கம்பியுறையும் அறுப்போர் பூட்டுள்ளதையே வாங்குக. இங்கிலாந்துக்கு அனுப்ப எண்ணுவோர் மட்டும் கவனிக்க: மூன்று அங்குலத்திற்குக் குறைந்த, பூட்டில்லாத மடக்குக்கத்தியைத்தான் அந்நாட்டில் காரணம் காட்டாமல் பொது இடங்களில் வைத்துக்கொள்ளலாம்.

பூட்டுள்ளவற்றுள் எளிமையானது பிரான்சின் சவோய் மலைநாட்டு ஒப்பினெல். ஜோசப் ஒப்பினெல் என்பார் 1890-இல் உழவர்களுக்கென்று செய்தது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு. திருகினால் அலகைப் பூட்டும் வளையம் 1955-இல் சேர்ந்தது. அலகில் முடிசூடிய கை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது அருகிலுள்ள சான்-ழான்-த-மொரியேன் நகரச் சின்னத்தின் கை. அந்நகர்ப் பேராலயத்தில் புனித ஸ்நாபக அருளப்பரின் விரல்கள் திருப்பண்டமாகப் பேணப்படுவதால் வந்த சின்னம் அது. கத்தி வாங்கும் நம்மவருள் எத்தனை பேர் அதனை அறிவர்!

எஃகு இருவகை. கரி எஃகு எளிதில் கூர் ஏறும். ஆயினும் எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் துருவேறும். லாரியின் வில்பட்டையை அடித்து அரிவாள் செய்யும் நம் கொல்லருக்கு இது பழகிய பண்பு. குரோமியம் கலந்த துருவேறா எஃகைத் தீட்டச் சற்றே பொறுமை வேண்டும். ஆனால் வியர்வைக்கும் மழைக்கும் அஞ்சாது. கடலோரப் பங்குகளில் வாழ்வோர் பின்னதையே வாங்குவது நலம். நமக்கு மடல் எழுதிய தாயாருக்கும் இதுவே நம் விடை: துருவேறா எஃகு, ஒரே அலகு, பற்களற்றது, பூட்டுள்ளது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே கம்பியில் கத்தி வைக்க வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லியிருப்பார். தாயாரும் ஒருமுறை சொல்லி வைக்கட்டும்.

கடையில் வெட்கப்படாமல் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆடக்கூடாது. மூடியபின் முனை பிடிக்குள் முழுதும் ஒடுங்க வேண்டும். துருத்தி நின்றால் பையையும் கிழிக்கும், தொடையையும் கிழிக்கும். பயன்படுத்தப் போகின்றவரே தம் விரலால் திறந்து பார்த்தல் வேண்டும். தந்தையின் நகத்திற்குத் திறப்பது மகளின் நகத்திற்குத் திறவாது. சிறு பிள்ளைகளுக்கென்று முனை மழுங்கிய கத்திகளும் கிடைக்கின்றன. பெரியவர் ஒருவர் அருகிருந்தால் அன்றி அவற்றையும் கொடுக்கற்க.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டு ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்திற்கு நீண்ட அல்லது இரண்டு அங்குலத்திற்கு அகன்ற அலகையே ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டுப் பயனுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உரியவற்றிற்கு விலக்கும் அளிக்கின்றன. நாம் சொல்லும் கத்தி இவ்வளவிற்குள் மிகவும் அடங்கியது. எனினும் தேர்வுக் கூடத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அதனை எடுத்துச் செல்லாதீர்கள். வானூர்தியில் கைப்பையில் வைத்தால் பறிமுதல் உறுதி. ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் இடுக.

வாங்கிய அன்றே ஒரு தீட்டுக்கல்லும் வாங்கிவிடுங்கள். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். கூரில்லாததால் அழுத்துகின்றோம், அழுத்துவதால் வழுக்குகின்றது. செங்கோணத்தில் பாதி, அதிற் பாதி: அவ்வளவு சாய்வில் அலகைக் கல்லில் வைத்து, இருபுறமும் சம எண்ணிக்கையில் தேய்க்கவும். பிடித்த தாளை இழுபடாமல் அறுத்தால் போதிய கூர் வந்துவிட்டது. தெருவில் சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மனையைக் கொடுக்கலாம். மெல்லிய மடக்குக்கத்தியைக் கொடுத்தால் சக்கரம் பாதி அலகைத் தின்றுவிடும். மூட்டில் தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுக.

மரப்பிடிக் கத்தி மழைக்காலத்தில் ஊறித் திறவாது அடம் பிடிக்கும். அப்போது பல்லால் இழுக்காதீர்கள். சவோய் மலைநாட்டார் பூட்டு வளையத்தைத் திறந்து வைத்து, பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவர். அலகு தானே சிறிது வெளிவரும். பின்பு இரண்டு நாள் நிழலில் உலர்த்தினால் பழையபடி திறக்கும்.