மாட்டினால் போதுமா?

நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்டை (லென்ஸ் மாட்டும் அமைப்பை) இன்றுவரை கைவிடவில்லை என்று மெச்சுபவர்கள், அதன் எஃப்எம்2 பிலிம் கேமராவில் ஒரு ‘ஜி’ லென்ஸை மாட்டிப் பார்க்கட்டும். கச்சிதமாக உட்காரும். ஆனால் லென்ஸில் அபெர்ச்சர் வளையமே கிடையாது. ஷட்டரை அழுத்தினால் துளை இருப்பதிலேயே சிறிய அளவுக்குச் சுருங்கிவிடும். நல்ல வெயிலில் சமாளிக்கலாம், கல்யாண மண்டபத்தில் முடியாது. சிறிய டிஜிட்டல் சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸ் என்றால் 36×24 மி.மீ. பிலிமின் மூலைகளும் பெரும்பாலும் கறுத்துப்போகும் (அதையும் ‘பழமையின் அழகு’ என்று சிலாகிக்க ஆள் உண்டு). 1987-இல் பழைய மவுண்டைத் தூக்கியெறிந்து இஎஃப் மவுண்டுக்கு மாறி, வாடிக்கையாளர்களின் வசவை வாங்கிக்கொண்ட கேனன்தான் இதில் கெட்டிக்காரர். டிஜிட்டல் காலத்து இஎஃப் லென்ஸும் இஓஎஸ் பிலிம் கேமராவில் தானாக ஃபோகஸ் செய்யும். பிலிம் ஆசை வந்தவர்கள் அந்தப் பிளாஸ்டிக் இஓஎஸ்களையே தேடட்டும். சிறிய சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் மட்டும் அதில் ஏறாது.