மலை ஏறும் விலாங்கு

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கு என்று பழமொழி சொல்லி நகைப்பது நம் வழக்கம். இன்று அப்பிராணி உலக வாணிகத்தின் நடுவே நிற்கிறது. ஆயினும் அதன் கதையை ஊவா மலையிலிருந்து நோக்குவோர்க்கு வேறொரு முகம் புலப்படும்.

விலாங்கு ஆற்றில் வளர்ந்து, ஆழ்கடலில் முட்டையிட்டு மடிவது. கண்ணாடி போன்ற அதன் குஞ்சுகள் கழிமுகம் சேர்ந்து, நீரை எதிர்த்து ஏறுகின்றன. யப்பானிய வளர்ப்புக் குளங்களில் கொழுப்பவையும் இவ்வாறு பிடிபட்ட குஞ்சுகளே. செயற்கை முறையில் பொரிக்கச் செய்து சந்தையை நிரப்பும் வித்தை இன்னும் கைகூடவில்லை. எனவே குளத்து விலாங்கு பெருகப் பெருக ஆற்று விலாங்கு குறைகிறது.

ஐரோப்பாவின் வடகடற் கரைகளுக்கு வரும் குஞ்சுகள், 1960–79 காலத்து அளவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறவில்லை. 2009இல் அவ்வினம் சர்வதேச வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2010 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதியை நிறுத்தியது. வணிகர் சும்மா இருப்பரோ? அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2018இல் ஓர் இறாத்தல் குஞ்சு 2,300 டொலரைக் கடந்தது. கிழக்காசிய வணிகரின் கண் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆறுகளின் மீதும் விழுந்தது. அங்கு தேடப்படும் இனமொன்று நம் தீவின் ஆறுகளிலும் உண்டு.

ஊவாவிலோ மீன்பிடி என்பது மிகச் சிறிய காரியம். தோட்டத்தில் வேலை முடிந்தபின் மண்புழு கோத்து ஓடையில் இரவுத் தூண்டில் இடுபவரை நான் கண்டிருக்கிறேன். ஒன்று அகப்பட்டால் லயத்தில் மறுநாள் குழம்பு. பாம்பென்று முகஞ்சுளிக்கும் அயலவரும் உண்டு. விலாங்கின் குறைவுக்கு இவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று.

வழியைப் பாருங்கள். கொட்டியாரக் குடாவில் மகாவலிக்குள் புகும் குஞ்சு, வெலிமடைப் பக்கத்து உமா ஓயாவை அடைய, மினிப்பே அணைக்கட்டையும் 1990இல் எழுந்த ரன்தம்பே அணையையும் கடந்தாக வேண்டும். ஈரப் பாறையில் தொற்றி ஏறவல்ல பிராணிதான். உலர்ந்த கொங்கிறீற்றுச் சுவரில் அந்த வித்தை செல்லாது. அதற்கும் மேலே புகுல்பொலையிலும் டயரபாவிலும் ஆற்றை மறித்து, 2024இல் உமா ஓயாத் திட்டம் திறக்கப்பட்டது. அதன் நீர் மலையைக் குடைந்து தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் போகிறது. சுரங்கம் வெட்டியபோது பண்டாரவளையில் கிணறுகள் வற்றியதை நாடறியும். மனிதர் வாய்விட்டுக் கேட்டனர். 120 மெகாவற் மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நான் துணியேன். ஆனால் கீழிருந்து ஏறுவதும், முதிர்ந்து கடலுக்கு இறங்குவதும் எந்தக் கணக்கேட்டில் ஏறும்?

நியூசிலாந்தில் அணையடியில் திரளும் குஞ்சுகளைப் பிடித்து, வண்டியில் ஏற்றி, மேல்நீரில் விடுகிறார்கள். மாவோரி மக்களும் அப்பணியில் பங்குகொள்கின்றனர். ரன்தம்பே அடியிலும் அதைச் சோதித்துப் பார்க்கலாம். பெரும் பணம் வேண்டியதில்லை. எந்த மாதத்தில் எந்த ஓடையில் விலாங்கு அகப்படும் என்பதை முதலில் கேட்டறிய வேண்டியவர், அந்த இரவுத் தூண்டிற்காரரே.