இல்லாத காளை

பி.காம். படித்தவனுக்கு நகைச்சுவை வராது என்று என் மாமனார் ஆரம்பத்திலேயே சொன்னார். பத்து வருஷம் அவரைப் பொய்யராக்கி வைத்திருந்தேன். போன மாசம் ஜெயித்துவிட்டார். மூன்று வாரமாக இந்தப் பக்கத்துக்கு ஒரு வரி ஓடவில்லை. பேனா மூடியைக் கடித்ததில் பல் டாக்டருக்கு 400 ரூபாய் அழுததுதான் மிச்சம்.

எனக்குப் படம் போடும் ஓவியர் போன் செய்தார்.

"மேட்டர் எங்கே தம்பி? நான் எதுக்குப் படம் போடறது?"

"சரக்கு தீர்ந்துபோச்சு சார்."

"தீரலை. ஒரே இடத்துல உட்கார்ந்து பூஞ்சை பிடிச்சிருக்கு. கிளம்பு!"

அவருக்குக் கை வறண்டால் ஒரு ஜோல்னாப் பையோடு தனியாக ஏதாவது ஊருக்குப் போய்விடுவாராம். அந்த ஊர் மியூசியத்தில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, எதிரே தரையில் உட்கார்ந்து, வாட்ச்மேன் விரட்டும் வரை வரைவாராம்.

"ஏன் சார் தனியா?"

"கூட ஆள் இருந்தா பேசணும். பேச ஆரம்பிச்சா பார்க்கிறது நின்னுடும்."

பேச்சோடு பேச்சாக ரோதான் கதையும் வந்தது. பிரெஞ்சுக்காரர், பெரிய சிற்பி. நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரை நேரில் பார்த்ததே இல்லை. வெறும் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, 1913 வாக்கில் உருகி உருகி ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சாகி வந்தது 1921-ல். அதற்குள் மனுஷர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

நானோ எழும்பூரிலிருந்து நாலு ஸ்டாப் தள்ளி இருக்கிறேன். கடைசியாக அந்த மியூசியத்துக்குப் போனது ஆறாம் கிளாஸ் டூரில். ஞாபகம் இருப்பது திமிங்கில எலும்புக்கூடும், பஸ்ஸில் வாந்தி எடுத்ததும்.

"அப்போ எழும்பூருக்கே போயிடட்டுமா சார்?"

"வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடி வந்துடுவே. தஞ்சாவூர் போ."

ராத்திரி கிளம்பும்போது அப்பா வாசலில் நின்றிருந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்தாற்போல். எதன் மேலும் சாயாமல் இப்படிச் சாய்ந்து நிற்பது கொஞ்ச நாளாக அவருக்கு வந்திருக்கும் பழக்கம். வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்கேடா, ஆபீஸ் வேலையா?"

"சிலை பார்க்கப்பா."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

தஞ்சாவூர் அரண்மனைக்குள் கலைக்கூடம். முதல் அரைமணி என் படிப்பு என்னை விடவில்லை. ஒரு சிலைக்கு முதலில் மெழுகில் உருவம் பண்ணி, மேலே களிமண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்துவிட வேண்டும். அடுத்த சிலைக்கு மறுபடி முதலிலிருந்து! என் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் வாத்தியார் கேட்டால் மயக்கம் போட்டிருப்பார்.

அப்புறம்தான் அவரைப் பார்த்தேன். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த சிவன். 1011-ம் வருஷத்துச் சிலை, ராஜராஜன் காலம். மூன்றரை அடி இருப்பார். பெயர் ரிஷபவாகனர். சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, காலைப் பின்னிக்கொண்டு, காளை மேல் ஒரு கையைப் போட்டுச் சொகுசாகச் சாய்ந்து நிற்கிறார். ஆனால் காளை கிடைக்கவில்லை. கை மட்டும் அந்தரத்தில், இல்லாத காளையின் உயரத்தில் நிற்கிறது.

தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். எனக்கு வரையத் தெரியாது. பாலன்ஸ் ஷீட்டுக்குக் கோடு போட்டதோடு சரி. அந்தக் கையை நாலு தடவை அழித்து அழித்துப் போட்டேன். நாலாவது தடவை போட்டபோது பென்சில் நின்றுவிட்டது.

இந்தக் கையை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் 22 வருஷம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குத் துடைத்து, வாசலில் நிறுத்தி, சீட் மேல் கையைப் போட்டுக்கொண்டு தெருவோடு பேசிக்கொண்டிருப்பார். போன வருஷம் நான் டிப்ரிசியேஷன் போட்டுப் பார்த்தேன். புத்தக மதிப்பு பூஜ்யம். பழைய இரும்புக்காரர் 1,500 ரூபாய் கொடுத்தார். "மொத்தமும் லாபம்ப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வாட்ச்மேன் வந்து, "சார், நேரமாச்சு" என்றார். மத்தியானம் நான் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரயிலில் தூங்கவும் இல்லை. எழுதிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அப்பாவிடம் நோட்டை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாருடா இது?"

"சிவன்ப்பா."

"எதுல சாஞ்சு நிக்கறாரு?"

"காளை மேல. அது இப்ப இல்லை."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"பாவம், இவருக்கும் பி.காம். படிச்ச புள்ள போலிருக்கு."