'கெரோ': பெயர் வைத்தது யார்?

கூலிப் பாக்கியைக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் ஓர் ஆபீஸைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் போதும், "கெரோ செய்தார்கள்" என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிவிடும். எங்கிருந்து வந்தது இந்த வார்த்தை?

பிறப்பால் இது ஆங்கிலமே அல்ல. இந்தியில் 'கேர்னா' என்றால் சுற்றி வளைப்பது. வங்காளியிலும் அதே வேர்தான். 1967 மார்ச்சில் மேற்கு வங்கத்தில் காங்கிரஸ் ஆட்சி போய் ஐக்கிய முன்னணி சர்க்கார் வந்தது. ஆட்குறைப்பாலும் சம்பளப் பாக்கியாலும் குமுறிக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளர்கள் மானேஜர்களைச் சூழ்ந்து நின்று பதில் கேட்டார்கள். தொழில் மந்திரியைக் கேளாமல் போலீஸ் தலையிடக் கூடாது என்று சுற்றறிக்கை போயிற்று. அந்த மந்திரி சுபோத் பானர்ஜிக்கு (எஸ்.யு.சி. கட்சிக்காரர்) 'கெரோ மந்திரி' என்றே பட்டம் விழுந்தது. செப்டம்பரில் கல்கத்தா ஹைகோர்ட் சுற்றறிக்கைகளை ரத்து செய்தது. வார்த்தை ரத்தாகவில்லை, ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்துகொண்டது!

சுற்றி வளைப்பதற்கு ஆங்கிலத்தில் வார்த்தைப் பஞ்சமா? நம் செஞ்சிக் கோட்டையைக் கேளுங்கள். 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் இதை முற்றுகையிட்டுக் கிடந்தான். (1692 இறுதியில் மராட்டியப் படை வந்து, வளைத்தவனையே வளைத்து, தானியம் வராமல் தடுத்து, வந்தவாசிக்குப் பின்வாங்க வைத்தது தனிக் கதை.) இதை ஆங்கிலச் சரித்திரக்காரர்கள் 'சீஜ்' என்று கம்பீரமாக எழுதினார்கள். சக்கரவர்த்தியின் படை வளைத்தால் வீரம். தொழிலாளி வளைத்தால் மட்டும் ஏதோ புது வியாதியைப் போல அதற்கு ஒரு தனிப் பெயர்!

முதலாளி ஆலைக் கதவைப் பூட்டி அத்தனை குடும்பங்களின் அடுப்பையும் முற்றுகையிடுகிறானே, அதற்கு என்ன பெயர்? 'லாக்கவுட்'. எவ்வளவு சாதுவான வார்த்தை! 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே அதற்கு இலக்கணம் எழுதிவைத்தார்கள்.

பெயர்தானே என்று நாம் சும்மா இருக்க முடியாது. ஆளை வெளியே விடாமல் அடைத்துவைப்பதையும் அதோடு சேர்ந்த குற்றங்களையும்தான் கல்கத்தா தீர்ப்பு கண்டித்தது. கூடி உட்கார்வதையே அல்ல. ஆனால் 'கெரோ' என்று ஒரு தடவை பெயர் விழுந்துவிட்டால், வாசலில் வெறுமனே உட்கார்ந்தவர்கள் மேலும் அதே வழக்கைப் போடுவது சுலபமாகிவிடுகிறது. ஆகவே நம் நோட்டீஸிலும் மனுவிலும் இந்த வார்த்தை வேண்டாம், தோழர்களே. வாசலில் உட்காருவோம், போவோர் வருவோரை மறிக்க மாட்டோம், இன்ன தேதி முதல் இவ்வளவு கூலி பாக்கி என்று தமிழில் விவரமாக எழுதுவோம். மனுவைக் கொடுக்கும்போதே நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.